சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவரையே வேலையிலிருந்து தூக்கிய நியூயார்க்! யார் இந்த ஓம்ஸ்டெட்?

நியூயார்க்கில் எடுத்த ஹாலிவுட் படங்களில் அடிக்கடி வரும் இடம் அது. சுற்றிலும் வானுயர்ந்த கட்டடங்கள், நடுவில் 843 ஏக்கருக்கு விரிந்து கிடக்கும் பச்சை. சென்ட்ரல் பார்க்.

பார்க்கிறவர்களுக்கு, பழைய காடு ஒன்றை அப்படியே விட்டுவைத்து சுற்றிலும் ஊரைக் கட்டிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அங்கே இருக்கும் ஏரிகள்கூட மனிதர்கள் வெட்டியவைதான். பாறையை வெடி வைத்துத் தகர்த்து, வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து கொட்டி, மரம் நட்டு உருவாக்கியது.

உருவாக்கியவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். கூட்டாளி கால்வர்ட் வாக்ஸ். அமெரிக்காவில் பூங்கா என்றாலே இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் பெயர் ஓம்ஸ்டெட்டுடையது. அப்படிப்பட்டவரை 1878-ல் நியூயார்க் பூங்கா வாரியம் வேலையை விட்டே நீக்கியது. ஏன்? மரம், புல்வெளி பற்றிய சண்டை இல்லை அது. பூங்காவுக்கு யார் கணக்குப் பார்ப்பது, யார் ஆள் எடுப்பது, வாரியம் யாருக்குப் பதில் சொல்வது என்ற சண்டை. அவருடைய வேலை வாழ்க்கையில் பாதி இதிலேயே போனது.

எந்த வேலையிலும் நிலைக்காதவர்

1822 ஏப்ரலில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் விஷச்செடி பட்டு கண் பாதிக்கப்பட, படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. கப்பலில் வேலைக்குச் சேர்ந்து சீனா வரை போய், நோயாளியாகத் திரும்பி வந்தார். பிறகு விவசாயம், அதன்பிறகு பத்திரிகை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையை நேரில் பார்த்து நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரைகள் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தன. பணம் மட்டும் வரவில்லை. பங்குதாரராகச் சேர்ந்த பதிப்பக நிறுவனமும் மூழ்கியது. 35 வயதில் கையில் மிச்சம் கடன்தான்.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 1850-ல் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பெர்க்கன்ஹெட் பூங்காவைப் பார்த்தார். பொதுப் பணத்தில் கட்டி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பூங்கா. பணக்காரரும் கூலியாளும் ஒரே பாதையில் நடந்து போவதைப் பார்த்து அசந்துபோனார். அதைப் பற்றி புத்தகத்திலும் எழுதினார்.

வாரியம் வந்த கதை

1850-களில் நியூயார்க்கில் ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1853-ல் மாநில சட்டமன்றம் நிலத்தை எடுக்க அனுமதி கொடுத்தது. நிலத்துக்கு மட்டும் சுமார் 50 லட்சம் டாலர். இவ்வளவு பணம் புழங்கும் திட்டம் யார் கையில் இருக்க வேண்டும்?

நகரத்தின் மேயர் ஃபெர்னாண்டோ வுட், ஜனநாயகக் கட்சிக்காரர். மாநில சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்தது. 1857-ல் சட்டமன்றம் பூங்காவை நகரத்திடமிருந்து பிடுங்கி, தானே நியமித்த ஒரு வாரியத்திடம் கொடுத்தது. அதே ஆண்டு நகரக் காவல்துறையையும் எடுத்துக்கொண்டது. பழைய போலீஸும் புதிய போலீஸும் நகர மன்றக் கட்டடத்தின் முன்னாலேயே அடித்துக்கொண்ட கூத்தெல்லாம் நடந்தது.

இந்த வாரியத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். எந்தக் கட்சி முத்திரையும் அழுத்தமாகக் குத்தப்படாத ஆளாக இருந்தால் நல்லது என்று தேடினார்கள். அந்தக் கணக்கில் 1857 செப்டம்பரில் ஓம்ஸ்டெட் உள்ளே வந்தார்.

பூங்காவுக்காக காலியான ஊர்

ஓம்ஸ்டெட்டைப் புகழும் பல கட்டுரைகள் தாண்டிப் போய்விடும் ஓர் அத்தியாயம் இது.

பூங்காவுக்கு எடுத்த நிலம் வெறும் தரிசு இல்லை. அங்கே சுமார் 1,600 பேர் குடியிருந்தார்கள். அதில் செனிகா வில்லேஜ் என்ற குடியிருப்பும் ஒன்று. 1825-ல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி உருவாக்கியது. 1855 வாக்கில் சுமார் 225 பேர், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் குடியேறிகள்.

நியூயார்க்கில் அப்போது ஒரு கறுப்பினத்தவர் வாக்களிக்க வேண்டும் என்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆக, அங்கே சிலருக்கு நிலம் போனபோது கூடவே ஓட்டும் போனது. இழப்பீடு கொடுத்தார்கள்தான். குறைவு என்று பலர் முறையிட்டார்கள். ஓம்ஸ்டெட் பதவி ஏற்ற அதே பருவத்தில் அந்த ஊர் முழுசாகக் காலியானது. முடிவு அவருடையது இல்லை. ஆனால் அந்த மண்ணின் மேல்தான் அவர் பெயர் வளர்ந்தது.

நான்கு பாதைகள், ஒரு யோசனை

வாரியம் வடிவமைப்புக்குப் போட்டி அறிவித்தது. 33 திட்டங்கள் வந்தன. வாக்ஸும் ஓம்ஸ்டெட்டும் கடைசி நேரத்தில் கொடுத்த திட்டம் 1858 ஏப்ரலில் ஜெயித்தது. பரிசு 2,000 டாலர்.

மற்றவர்களைத் தோற்கடித்த விஷயம் பாதைகள். ஊரைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகள் பூங்காவுக்குள் போயே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. இவர்கள் அந்தச் சாலைகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். சரக்கு வண்டி கீழே போகும், பூங்காவில் இருப்பவர் கண்ணுக்கே படாது. அதோடு குதிரை வண்டிக்கு ஒரு பாதை, குதிரைச் சவாரிக்கு ஒன்று, நடப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒன்றை ஒன்று கடக்கும் இடங்களில் பாலம். முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. இன்றைக்கு நகரங்களில் நடைபாதை, சைக்கிள் பாதை என்று பிரிக்கிறார்களே, அந்த யோசனையின் ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

அது கடுமையான வேலையில்லாத் திண்டாட்ட காலம். 1857-ல் வங்கிகள் விழுந்து, ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டு பூங்கா வாசலுக்கே வந்து நின்றார்கள். ஒரு கட்டத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இத்தனை வேலை இருக்கும் இடத்தில் சிபாரிசு வராமல் இருக்குமா? ஆறே நாளில் 7,000-க்கும் அதிகமான கடிதங்கள் வந்ததாகவும், கிட்டத்தட்ட எல்லாமே பதவியில் இருப்பவர்கள் அனுப்பியவை என்றும் ஓம்ஸ்டெட் பின்னாளில் எழுதினார்.

பைசா பைசாவாகக் கணக்குக் கேட்ட கிரீன்

வாரியத்தின் கணக்குகளைக் கட்டிக் காத்தவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன். வழக்கறிஞர். நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் சின்னச் செலவுகூட செய்ய முடியாது. ஓம்ஸ்டெட்டுக்கு மூச்சு முட்டியது. பைசாவுக்குக்கூட அவரிடம் போராட வேண்டியிருக்கிறது என்று புலம்பினார். 1861 ஜனவரியில் ராஜினாமா கடிதமே கொடுத்துவிட்டார்.

கிரீன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 15 லட்சம் டாலரில் முடியும் என்று ஆரம்பித்த கட்டுமானம், அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. 1860-ல் மாநில செனட் விசாரணையே வைத்தது. விசாரணையில் ஊழல் எதுவும் சிக்கவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்றே முடிவு வந்தது. அப்படி வந்ததற்கு கிரீனின் கெடுபிடியும் ஒரு காரணம் என்பதை ஓம்ஸ்டெட் அப்போது ஏற்கும் மனநிலையில் இல்லை.

உள்நாட்டுப் போர் வந்தது. போர்வீரர்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் அமைப்பை நடத்தப் போனார். பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் நிர்வாகி. அங்கே இருந்தபோது யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் காக்க அமைத்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். 1865-ல் அவர் தயாரித்த அறிக்கையை சக உறுப்பினர்கள் சிலரே சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் அமுக்கினார்கள். அதே ஆண்டு வாக்ஸ் கூப்பிட, நியூயார்க் திரும்பினார்.

ட்வீட் கும்பல் உள்ளே வந்தபோது

1870-ல் எல்லாம் தலைகீழானது. நியூயார்க் அரசியலை ஆட்டிவைத்த வில்லியம் ட்வீட், நகரத்துக்குப் புதிய சாசனம் வாங்கிக்கொண்டு வந்தார். மாநில வாரியம் கலைந்தது. பூங்காக்கள் நகர நிர்வாகத்தின் கீழ் வந்தன. தலைவர் பீட்டர் ஸ்வீனி, ட்வீட்டின் நெருங்கிய ஆள். ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் ஓரங்கட்டப்பட்டார்கள்.

வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள். அடர்ந்த புதர்களை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழித்தார்கள். அடர்த்தியே அந்த வடிவமைப்பின் உயிர் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. 1871 மே மாதம் நடந்தது இன்னும் மோசம். பூங்காவில் அமையவிருந்த அருங்காட்சியகத்துக்காக சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்துகொண்டிருந்த ராட்சத டைனோசர் உருவங்களை, ஆட்கள் வந்து சம்மட்டியால் உடைத்துத் தூளாக்கினார்கள். பழி நீண்ட காலம் ட்வீட் மேல் இருந்தது. உத்தரவுக்குப் பின்னால் இருந்தவர் பூங்கா வாரியத்தின் ஹென்றி ஹில்டன் என்கிறது சமீபத்திய ஆய்வு.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. குழந்தைகள் இன்றும் ஏறும் ராட்டினம் முதலில் வந்தது இந்தக் காலத்தில்தான். பழைய வாரியத்தில் இருந்த கனவான்கள் பூங்காவை ஓர் ஓவியம் போல வைத்திருந்தார்கள். புல்லில் கால் வைக்காதே, விளையாடாதே, ஞாயிற்றுக்கிழமை கச்சேரி கிடையாது. ஆறு நாள் உழைக்கும் தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. ஓட்டுக்காகவாவது நகர அரசியல்வாதிகள் அவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்தார்கள்.

1871 கோடையில் நியூயார்க் டைம்ஸ் ட்வீட் கும்பலின் கொள்ளைக் கணக்குகளை வெளியிட்டது. கும்பல் சரிந்தது. ஓம்ஸ்டெட் மீண்டும் உள்ளே வந்தார், 1872-ல் சில மாதங்கள் வாரியத் தலைவராகவே இருந்தார். நகரத்தின் காலியான கஜானாவைச் சரிசெய்ய நிதி அதிகாரியாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? அதே கிரீனை. நகரம் முழுக்க இப்போது அவரிடம் பைசாவுக்கு நின்றது.

வாரியம் மட்டும் மறுபடி பழைய வழிக்கே போனது. ஆள் நியமனத்தில் தலையீடு, சம்பள இழுபறி, ரோந்துப் படையைக் குறைப்பது என்று தினமும் மல்லுக்கட்டு. உடல் நொந்து, விடுப்பு எடுத்து ஐரோப்பா கிளம்பிய நேரத்தில், 1878 ஜனவரியில் அவர் வகித்த பதவியையே வாரியம் ரத்து செய்தது. முக்கியப் பிரமுகர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலன் இல்லை. 1882-ல், பூங்காவை வேட்டைக்காடாக்கிய அரசியலை விவரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் கசப்பு.

பாஸ்டனில் வேறு மாதிரி

1883-ல் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் குடியேறினார். பாஸ்டனின் பூங்கா ஆணையத்தை, 1875-ல் மாநிலச் சட்டத்தோடு நகர வாக்காளர்களும் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நியூயார்க் மாதிரி மேலிருந்து திணித்தது இல்லை.

அங்கே அவர் கைக்கு வந்தது ஒரு சாக்கடைப் பிரச்னை. பேக் பே பகுதியில் கடல் அலை ஏறி இறங்கும் சேற்று நிலம், அதில் கலக்கும் கழிவு, தாங்க முடியாத நாற்றம், மழை வந்தால் வெள்ளம். நகரப் பொறியாளருடன் உட்கார்ந்து, வெள்ளத்தைத் தாங்கும் மதகும் உப்புச் சதுப்பு நிலமும் சேர்ந்த பூங்கா ஒன்றைத் திட்டமிட்டார். அங்கிருந்து மட்டி ஆற்றின் ஓரமாக, ஜமைக்கா பாண்ட் ஏரி வழியாக, ஃபிராங்க்ளின் பார்க் வரை பூங்காக்களும் பாதைகளும் தொடர்ந்தன. மொத்தம் சுமார் 1,100 ஏக்கர். மரகத மாலை என்று அதற்குப் பெயர் வந்தது.

அந்த ஆறுதான் பாஸ்டனுக்கும் புரூக்லைனுக்கும் எல்லை. இந்தக் கரைக்கு ஓர் ஆணையம், அந்தக் கரைக்கு இன்னொன்று. இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு அடி பாதை போட முடியாது. நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரத் தோட்டம். அதற்கு 1882-ல் ஒரு விநோத ஒப்பந்தம் போட்டார்கள். நிலம் நகரத்துக்குச் சொந்தம், ஹார்வர்டுக்கு 1,000 ஆண்டு குத்தகை, வாடகை ஆண்டுக்கு 1 டாலர். சாலையும் காவலும் நகரத்தின் பொறுப்பு, மரங்கள் ஹார்வர்டின் பொறுப்பு, மக்களுக்கு வாசல் திறந்திருக்கும். அந்தக் குத்தகை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலை முழுமையாகக் கோர்க்கப்படவில்லை என்பதும் உண்மை. கடற்கரை வரை கொண்டுபோக நினைத்த கடைசித் துண்டு அவர் நினைத்தபடி அமையவே இல்லை. 1910-ல் சார்லஸ் ஆற்றில் அணை வந்ததும் அவருடைய உப்புச் சதுப்பு நன்னீராக மாறி அழிந்தது.

1895-ல் ஞாபகம் தவற ஆரம்பித்தது. தொழிலை மகன்களிடம் விட்டார். கடைசி ஆண்டுகளை பாஸ்டன் அருகே மெக்லீன் மனநல மருத்துவமனையில் கழித்து, 1903 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், 83 வயது கிரீனை வேறு யாரோ என்று நினைத்த ஒருவன் நியூயார்க்கில் சுட்டுக் கொன்றான்.

மெக்லீன் வளாகத்துக்கு ஒரு காலத்தில் யோசனை சொல்லிக் கொடுத்தவர் ஓம்ஸ்டெட்தான். நோயாளியாக அங்கே போன பிறகு, தான் சொன்ன திட்டப்படி அவர்கள் செய்யவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.