செக்கிழுத்த செம்மல் வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சி. என்றதும் உங்களிற் பலருக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். விடைத்தாளிலும் கப்பலுக்கு அரைப்பக்கம், சிறைக்கு ஒரு வரி என்றே எழுதுகிறீர்கள். இங்கு சிறையையும் அதன்பின் அவர் பட்ட பணக் கஷ்டத்தையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1872 செப்டெம்பர் 5ஆம் திகதி, தமிழகத்தின் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்று வக்கீலானார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனியைப் பதிவு செய்தார். பங்கொன்றின் விலை 25 ரூபா. தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையே ஓடிய அக்கப்பல்கள், ஆங்கிலேயக் கம்பனியின் தனியுரிமைக்குச் சவாலாயின.

1908 பெப்ரவரியில் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி குறைவு, வேலைநேரம் அதிகம், வார விடுமுறையும் இல்லை. வ. உ. சி. அவர்களுக்கு முன்னின்று உழைத்தார். மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. 12ஆம் திகதி அவர் கைதானார்.

ஜூலை 7ஆம் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்கு இன்னொன்று, ஆக 40 ஆண்டுகள்! மேன்முறையீட்டிலே அது குறைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவருக்குக் கடூழியம். இச்சொல்லை விளங்கிக்கொள்ளுங்கள். வேலையே தண்டனை, அதற்குச் சம்பளம் இல்லை. கைதி செய்த பொருளின் பயன் சிறைக்கே போய்ச்சேரும். முதலில் சணல் இயந்திரத்தைச் சுற்றவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. பின்னர் செக்கில் பூட்டினார்கள். எருது பூட்டிய செக்கில் நல்லெண்ணெய் ஆட்டியதைக் கண்டவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அந்த எருதின் இடத்தில், கொளுத்தும் வெயிலில், ஒரு வக்கீல் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறருக்குக் கூலி உயர்வு பெற்றுக்கொடுத்தவருடைய உழைப்புக்குக் காசில்லை. (கைதிகளின் வேலைக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1998இல்தான். இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒப்பானதே எமது உயர் நீதிமன்றம். பெயர்களை மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

1910இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கிருக்கையிலேயே, 1911இல், கப்பல் கம்பனி கலைக்கப்பட்டது.

1912 டிசெம்பரில் விடுதலையானபோது கையில் தொழில் இல்லை. வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் நடத்தியவர் சென்னையிலே கடை வைத்து எண்ணெயும் அரிசியும் விற்றார். தென்னாபிரிக்க இந்தியர் அவருக்கென்று சேர்த்த பணம் காந்தியடிகளிடம் இருந்தது. வ. உ. சி. அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1916இல்தான் 347 ரூபா 12 அணா வந்து சேர்ந்தது. எவரிடமும் கைநீட்டக் கூசிய மனிதர், தமக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தையே இவ்வாறு கேட்டுப் பெறவேண்டியிருந்தது. அவரது வாழ்க்கையில் என் மனதை மிகவும் வருத்துவது இப்பகுதிதான்.

1908இல் அவரது வழக்கை விசாரணைக்கு அனுப்பிய நீதவான் வாலேஸ், பிற்காலத்தில் சென்னையில் நீதிபதியாகி, அவருடைய உரிமத்தை மீட்டுக் கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ. உ. சி. வக்கீல் தொழில் திரும்பக் கிடைத்தும் வறுமை நீங்கவில்லை.

1936 நவம்பர் 18ஆம் திகதி தூத்துக்குடியில் காலமானார். அவ்வாண்டில் எழுதிய உயிலில், தாம் கொடுக்க வேண்டியிருந்த கடன்களையும் குறித்து வைத்திருந்தார். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.