64 நாளில் தூக்கு: மலாயா கணபதியும் அவசரகாலச் சட்டங்களும்

பாயா ரும்புட் – மலாக்காவில் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட பல இடங்கள் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாக இருந்தவை. அங்கே வாழ்ந்த மூத்த தலைமுறையினருக்கு அவசரகாலம் என்றதும் முள்வேலியும் ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் நினைவுக்கு வரும். அந்தச் சட்டங்கள் நடப்புக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள் தூக்குமேடை ஏறிய தமிழர்தான் எஸ்.ஏ.கணபதி.

தஞ்சை மண்ணில் பிறந்து, சிறுவனாகவே சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர் அவர். ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றினார். போர் முடிந்த பிறகு மலாயா கம்யூனிஸ்டு கட்சியோடு இணைந்து தொழிலாளர்களைத் திரட்டினார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார்.

சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று இனம் பிரிக்காமல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அந்தச் சம்மேளனம் ஒன்றுசேர்த்தது. தோட்டங்களில் ஒரே வேலைக்கு இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்ட காலம் அது. 1947ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஏறக்குறைய 300 வேலைநிறுத்தங்கள் நடந்தன.

ஆங்கிலேய அரசு முதலில் கை வைத்தது சங்கம் அமைக்கும் உரிமையில்தான். 1948 ஜூன் 12ஆம் தேதி தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாக இணையலாம், பொறுப்பாளர்கள் அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. பல தொழில்களை ஒரு குடையின்கீழ் வைத்திருந்த சம்மேளனத்திற்கு அதன்பின் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

நான்கே நாளில், ஜூன் 16ஆம் தேதி, பேராக் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. காட்டில் இருந்த கெரில்லாக்களின் துப்பாக்கி துரைமார்களோடு நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களும் அதற்குப் பலியானார்கள். மக்களுக்கு அரசின் பாதுகாப்பு உண்மையிலேயே தேவைப்பட்டது.

ஆனால், பாதுகாப்பின் பெயரால் அரசு எடுத்துக்கொண்ட அதிகாரம் மிகப் பெரியது. யாரையும் விசாரணையின்றித் தடுத்து வைக்கலாம். வீடு புகுந்து சோதனையிடலாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அடையாள அட்டை பெற வேண்டும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஐசி, அந்த 1948ஆம் ஆண்டுப் பதிவில் தொடங்கியதுதான்.

1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மார்ச் 15ஆம் தேதி கோலாலம்பூரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிடிபட்ட நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையே இரண்டே வாரம்.

அவர் யாரையும் சுட்டார் என்பது குற்றச்சாட்டு அல்ல. துப்பாக்கி வைத்திருந்தார் என்பது மட்டுமே வழக்கு.

இந்திய அரசு அவருக்காகக் குரல் கொடுத்தது. பிரதமர் நேருவின் அரசு லண்டன் வரை முறையிட்டது. அப்போது மலாயாவில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர், ம.இ.கா.வின் முதல் தலைவரான ஜான் திவி. முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. மே 3ஆம் தேதி இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதிலிருந்து 64ஆவது நாள் அது.

இதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழருக்கும் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அந்த மன்றம் தண்டனையை இரத்து செய்தது. தோட்டாக்கள் தொடர்பான குற்றச்சாட்டில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவரை, அந்தத் தீர்ப்பை மறந்துவிட்டு இன்னொரு குற்றச்சாட்டில் தண்டித்தது தவறு என்று அது முடிவு செய்தது. நிதானமாக மறுபடி பார்க்க நேரம் கிடைத்ததால் ஓர் உயிர் பிழைத்தது. கணபதிக்கு அந்த நேரம் கொடுக்கப்படவில்லை.

கட்டுப்பாடுகள் முதன்முதலில் தளர்ந்தது நம் மலாக்காவில்தான். 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டின் முதல் வெள்ளைப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீக்கப்பட்டன. 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. மறுநாளே இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. விசாரணையற்ற தடுப்புக்காவல் அதன்வழி தொடர்ந்தது. 2012இல் இசா போய் சொஸ்மா வந்தது.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்பு என்று கூறி 12 பேர் சொஸ்மாவின்கீழ் கைது செய்யப்பட்டார்கள். மலாக்கா, காடேக் சட்டமன்ற உறுப்பினரும் அவர்களில் ஒருவர். தீபாவளியைக் குடும்பத்தைப் பிரிந்து தடுப்புக்காவலில் கழித்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட, அனைவரும் வீடு திரும்பினார்கள்.

கணபதியின் அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. இரு தரப்பினரும் அவர் வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஓர் எதிரியை மனத்தில் வைத்து அவசரமாக இயற்றப்படும் சட்டம் அந்த எதிரியோடு முடிந்துவிடுவதில்லை. அது வேறு பெயரில், வேறு காலத்தில், யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். தட்டும்போது, விடுவிக்கப்பட்ட அந்த 12 பேருக்கும் சாம்பசிவத்துக்கும் கிடைத்த அவகாசம் வீட்டிலிருப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.