கோதுமைப் பெருந்தகை பாரர்

ஏர் பிடித்து உழுவோர் மட்டுமன்றி, நல்ல விதையை ஆக்கித் தருவோரும் உலகிற்கு உணவளிப்போரே ஆவர். அத்தகையோருள் ஒருவர் வில்லியம் பாரர்.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வெஸ்ட்மர்லண்டில், 1845 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். மைந்தரோ கல்வியில் சிறந்து விளங்கினார். கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1868 இல் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவராக விரும்பி அக்கல்வியைத் தொடங்கினார். ஆனால் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அந்நாளில் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. வறண்ட காற்று நலம் தரும் என்று கருதி, 1870 இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

அந்நாளைய நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்து நாட்டுப்புறத்தில், டன்ட்ரூன் என்னும் பெரிய ஆட்டுப் பண்ணையில், பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. தாமும் ஒரு பண்ணை வாங்க எண்ணியிருந்தார். கைப்பொருளைச் சுரங்கத் தொழிலில் இட்டு இழந்தமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. எனினும் அவர் மனந்தளரவில்லை. 1875 இல் நில அளவையாளர் ஆனார்.

அளவைப் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது, உழவர் படும் துன்பத்தை அவர் கண்ணாரக் கண்டார். செழித்து வளர்ந்த கோதுமையைத் துரு நோய் தாக்கும். கதிர்மணிகள் சுருங்கிப் பதராகும். அதற்குத் தப்பிய பயிர் மழையின்றிக் கருகும். இங்கிலாந்தின் குளிர்ந்த நிலத்திற்கேற்ற விதை இவ்வெம்மை நாட்டிற்கு ஏலாது என்பதைப் பாரர் உணர்ந்தார். இந்நிலத்திற்கேற்ற புதுவிதையை மனித முயற்சியால் உண்டாக்கலாம் என்று எழுதினார். பலர் அதனை ஏளனம் செய்தனர்.

1886 இல் அளவைப் பணியை விடுத்து, மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் லாம்பிரிக் என்னுமிடத்தில் குடியமர்ந்தார். வளம் குன்றிய அந்நிலமே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. ஆதலால், மகரந்தப் பைகள் முதிருமுன் அவற்றை நுட்பமாக நீக்கி, வேறொரு வகையின் மகரந்தத்தைச் சேர்த்தார். விளைந்தவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து மீண்டும் விதைத்தார். ஒரு முயற்சியின் பயனை அறியப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பொறுமையே அவருடைய முதற் கருவியாயிற்று.

விரைவில் முதிரும் இந்தியக் கோதுமையையும், மாவின் தரத்தில் சிறந்த கனடாக் கோதுமையையும் அவர் தம் ஆய்வில் பயன்படுத்தினார். கத்ரி என்னும் வேதியியல் அறிஞர், புதிய மணிகளைச் சிறு ஆலையில் அரைத்து மாவின் தன்மையைச் சோதித்து உதவினார். 1898 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு பாரரைக் கோதுமை ஆய்வாளராக அமர்த்தியது.

1901 இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றிணைந்து கூட்டாட்சி அமைத்தன. அந்நிகழ்ச்சியின் நினைவாகத் தம் புதுவகைக் கோதுமைக்குப் ‘பெடரேஷன்’ எனப் பாரர் பெயரிட்டார். அதன் முன்னோர்களுள் ஒன்று, நம் நாட்டு எட்டாவா நகரின் பெயர் தாங்கிய கோதுமையாகும். அதன் கதிர்கள் பழுப்பு நிறமுடையன, தாள்கள் குட்டையானவை. பொன்னிறக் கதிர்களையே கண்டு பழகிய உழவர்கள் முதலில் அதனை விரும்பவில்லை. ஆனால் குட்டைத் தாள் காற்றில் சாயாது நின்றது. அறுவடைப் பொறிக்கும் ஏற்றதாயிருந்தது. விரைவில் முதிர்ந்தமையால், வறண்ட உள்நாட்டிலும் நல்ல விளைவைத் தந்தது. 1910 முதல் 1925 வரை ஆஸ்திரேலியாவில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட கோதுமை அதுவே.

அவ்வெற்றியை முழுதும் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் இதய நோயால் இயற்கை எய்தி, லாம்பிரிக்கிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். புதுவிதைகளை உழவர்க்கு வழங்கிய அவர், அவற்றால் தமக்கெனச் செல்வம் சேர்த்தாரல்லர். 1966 முதல் 1988 வரை வழங்கிய ஆஸ்திரேலிய இரண்டு டாலர் நோட்டில் அவருடைய உருவமும் கோதுமைக் கதிர்களும் இடம்பெற்றன.

உடல்நலம் நாடி வந்த நாட்டிற்கு உணவுவளம் தந்து சென்றார் பாரர். தாம் உண்ணாத விளைவிற்காகவும் உழைப்பவரே உண்மைச் சான்றோர் அல்லரோ?