நரைத்த தாடியும் நடுங்காத கையும்

அறுபது வயது நிறைந்தவர்க்கு மணிவிழாக் கொண்டாடி, மாலை சூட்டி, ஒரு சாய்வு நாற்காலியையும் போட்டுக் கொடுத்துவிடுவது நம்மவர் வழக்கம். அந்த வயதில் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்து சென்றார். தம் நாட்டுக்காக ஒலிம்பிக் களத்தில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தார். அவர்தாம் ஸ்வீடன் தந்த குறி வீரர் ஆஸ்கார் ஸ்வான்.

ஸ்வீடனின் மேற்குக் கரையை அடுத்த தானும் என்னும் ஊரில் 1847 அக்டோபர் 20-இல் அவர் பிறந்தார். பழைய கிரேக்கரின் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் 1896-இல் புத்துயிர் பெற்றபோது அவருக்கு வயது 48. மற்ற விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெற்றுப் பழங்கதை பேசும் பருவம் அது. அவருடைய கதையோ அதற்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறது.

அவர் வல்லவராக விளங்கிய போட்டிக்கு ‘ஓடும் மான்’ என்று பெயர். மான் என்றதும் உயிருள்ள மானோ என்று அஞ்ச வேண்டா. மானின் உருவத்தில், மானின் அளவில் அமைந்த இலக்கு அது. ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவில், 23 மீட்டர் அகலமுள்ள ஒரு வெளியை நான்கே நொடிகளில் அது கடந்து போகும். அந்த நான்கு நொடிக்குள் குறி பார்க்க வேண்டும். விசையை அழுத்தவும் வேண்டும். இரட்டைக் குறிப் போட்டியானால், அதே நான்கு நொடிக்குள் இருமுறை சுட வேண்டும்.

இதன் அருமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அந்தத் தொலைவைக் கடக்கத் துப்பாக்கிக் குண்டுக்கு ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் ஆகும் என்று கொள்வோம். அதற்குள் மான் இரண்டரை அடிக்கு மேல் நகர்ந்துவிடும். மான் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டவன் வெறும் காற்றைத்தான் சுடுவான். அது இருக்கப் போகும் இடத்தை அறிந்து சுடுபவனே வெற்றி காண்பான். மானின் உடலில் வரைந்த வட்டங்களுக்கு ஏற்பப் புள்ளிகள் உண்டு. ஆனால் 1908-ஆம் ஆண்டுப் போட்டியில் பின்தொடையில் பட்ட குண்டுக்குப் புள்ளியே கிடையாது. காட்டில் அவ்வாறு சுடப்பட்ட விலங்கு உடனே சாகாது. குற்றுயிராய் ஓடித் துடித்து மடியும். ஆட்டத்திலும் அந்தக் கொடுமைக்குப் பரிசில்லை.

1908-இல் லண்டன் ஒலிம்பிக் நடந்தது. ஓடும் மான் போட்டி பிஸ்லி என்னும் புகழ்பெற்ற சுடுகளத்தில் நடந்தது. வெள்ளைத் தாடியும் பெரிய தொப்பியுமாக வந்து நின்றார் அறுபது வயது ஸ்வான். தனியாள் ஒற்றைக் குறியில் நாற்பது புள்ளிக்கு 25 பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். பிரிட்டனைச் சேர்ந்த இருவர் 24 புள்ளியுடன் அவர் பின்னே நின்றனர்.

அணிப் போட்டி அதைவிடக் கடுமையாக இருந்தது. அணிக்கு நால்வர், ஒவ்வொருவருக்கும் பத்துக் குண்டுகள். ஸ்வீடன் அணியில் தந்தை ஸ்வானோடு அவருடைய மகன் ஆல்பிரட் ஸ்வானும் இருந்தார். வந்தவை இரண்டே அணிகள்தாம் என்று அதை எளிதாக எண்ணிவிட வேண்டா. நாற்பது குண்டுகளும் தீர்ந்தபின் கூட்டிப் பார்த்தால் ஸ்வீடன் 86, பிரிட்டன் 85! ஒரே ஒரு புள்ளி. நால்வருள் எவரேனும் ஒருவர் ஒரு கணம் அயர்ந்திருந்தால் வெற்றி கைமாறியிருக்கும். அந்தப் புள்ளி யாருடையது? தந்தையுடையதா, மகனுடையதா, மற்ற இருவருடையதா? அது நால்வருக்கும் உரியது. குழுவாக நின்று ஆடும் ஆட்டத்தின் அழகே அதுதான்.

நான்காண்டுகள் சென்றன. 1912-இல் ஒலிம்பிக் அவருடைய சொந்த நாட்டிலேயே, ஸ்டாக்ஹோமில் நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 64. அதே அணியில் இருபதுகளில் இருந்த ஓக்கே லுண்டெபெர்க் என்ற இளைஞரும் நின்றார். பேரன் வயதினரோடு தோளோடு தோள் நிற்பதற்கு அந்த முதியவர் நாணவில்லை. அவரோடு நிற்பதற்கு அந்த இளைஞரும் தயங்கவில்லை. அணி பெற்ற 151 புள்ளிகளில் மகன் 41, தந்தை 39. பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளை ஒரே குடும்பம் ஈட்டித் தந்தது! மகன் தம்மை விஞ்சிய அந்த நாளில்தான் தந்தை, ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களுள் மிக மூத்தவர் என்னும் பெருமையை அடைந்தார். அந்தப் பெருமை இன்றளவும் அவருக்கே உரியது.

பிறகு உலகப் போர் மூண்டது. விளையாட்டுத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. கொலைத் துப்பாக்கிகள் முழங்கின. 1916-ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடைபெறவே இல்லை. போர் முடிந்து 1920-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் மீண்டும் விழா கூடியபோது ஸ்வானுக்கு வயது 72. அவர் வந்தார்! இரட்டைக் குறி அணிப் போட்டியில் நார்வே முதலிடம் பெற, ஸ்வீடன் வெள்ளி வென்றது. அந்த அணியிலும் தந்தையும் மகனும் இருந்தனர். ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகளில் பதக்கம் பெற்றவர்களுள் அவரைவிட வயது முதிர்ந்தவர் இன்றுவரை எவரும் இலர்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றார் அந்த முதியவர். ஆனால் நோய் குறுக்கிட்டது. களம் காண இயலவில்லை. 1927 மே 1-இல் அவர் மறைந்தார். மூன்று தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் என ஆறு பதக்கங்கள் அவர் ஈட்டியவை. மகன் ஆல்பிரட் ஒன்பது பதக்கங்கள் பெற்றுத் தந்தையை மிஞ்சினார். பெற்றவர்க்கு அதனினும் பெரிய பதக்கம் வேறு உண்டோ?

நண்பர்களே! ஊரை விட்டு வந்து, மொழி வேறான மாநிலத்தில் கல்வி பயிலும் நாம், ஆடுகளத்திலும் ஆய்வுக்கூடத்திலும் ஏதேனும் ஒரு குழுவில் இடம் பெறுகிறோம். நம்மைவிட மூத்தவரும் இளையவரும், வல்லவரும் மெலிந்தவரும் அதில் இருப்பர். முதல் ஆளாக விளங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் எப்போதும் கிட்டாது. ஆனால் 86-க்கும் 85-க்கும் இடையே நின்ற அந்த ஒரு புள்ளியை யாரும் தரலாம். தம் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்த நான்கு நொடியை வீணாக்காமல் பயன்படுத்தியவர் ஸ்வான். வயது அவரிடம் தோற்றது. காலம் கடந்துவிட்டதே என்று இருபது வயதில் நாம் கலங்கலாமா?