டிரெண்ட் மாறினாலும் அலமாரியை விட்டுப் போகாத உடைகள்: கோகோ ஷனேல் செய்தது என்ன?

ஆன்லைன் சேல் வந்தால் கார்ட்டில் முதலில் விழுவது அந்த வாரத்து டிரெண்ட்தான். ஆனால் மாதத்தில் இருபது நாள் உடம்பில் ஏறுவது வேற லிஸ்ட்: பிளெயின் டாப், கோடு போட்ட டி-ஷர்ட், ஒரு கறுப்பு டிரெஸ், மீட்டிங்குக்கு ஒரு பிளேசர், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை. ஃபேஷன் எந்தப் பக்கம் போனாலும் கடைகளில் இவற்றுக்கு மட்டும் கிராக்கி குறைவதே இல்லை.

இந்த லிஸ்ட்டில் இருக்கும் எதையும் கோகோ ஷனேல் முதன்முதலில் கண்டுபிடிக்கவில்லை. கோடு போட்ட பனியன் பிரான்ஸ் மாலுமிகளுடையது. கறுப்பு உடை அவருக்கு முன்பே ஊரெல்லாம் இருந்தது. இடுப்பை மூச்சு முட்ட இறுக்கும் கோர்செட்டைக் கழற்றியதில் போல் புவாரே என்ற இன்னொரு டிசைனருக்கும் பங்கு உண்டு. யார் யாரோ வேறு எதற்கோ உடுத்தியதை எடுத்து, பெண்கள் தினமும் போடுகிற உடையாக மாற்றியதுதான் ஷனேல் செய்த வேலை.

அநாதை இல்லத்தில் பிடித்த ஊசி

1883 ஆகஸ்ட் 19 அன்று பிரான்ஸின் சோமூர் நகரில், ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் கேப்ரியல். அப்பா சந்தை சந்தையாக அலைந்து துணிமணி விற்றவர். கேப்ரியலுக்கு 12 வயது ஆவதற்குள் அம்மா இறந்துவிட, அப்பா பெண் பிள்ளைகளைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. தையல் அங்கேதான் கைவந்தது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் ஷனேல் வெளியே சொன்னதே இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பால்யத்தைச் சொல்லிவைத்தார். வறுமையை மறைக்க அவர் எடுத்துக்கொண்ட பாடு, அவருடைய வாழ்க்கையை எழுதியவர்களுக்குப் பெரிய தலைவலி.

மூலான் நகரில் தையல் கடையில் வேலை, மாலையில் கஃபேயில் பாட்டு. கோகோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்த நாட்களில்தான். பாட்டு எடுபடவில்லை. பணக்கார நண்பர்களான எத்தியென் பால்சான், ஆர்தர் கேப்பல் ஆகியோரின் உதவியோடு 1910-ல் பாரிஸின் கம்போன் தெருவில் தொப்பிக் கடை போட்டார். 1913-ல் தோவில் என்ற கடற்கரை ஊரில் இன்னொரு கடை திறந்தார்.

பனியன் துணி மேடை ஏறியது

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. பாரிஸை விட்டு ஓடிவந்த வசதியான பெண்கள் தோவிலில் குவிந்தார்கள். வீட்டு ஆண்கள் போர்முனையில். வேலையாட்கள் கிடைக்கவில்லை, வண்டியும் இல்லை. உடுத்திவிட ஒரு ஆள் வேண்டியிருந்த பழைய கவுனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடக்கணும், குனியணும், சிலர் மருத்துவமனையில் வேலையும் பார்க்கணும்.

நல்ல துணிக்கும் தட்டுப்பாடு. ரோடியே என்ற ஜவுளி உற்பத்தியாளரிடம் விலைபோகாமல் ஜெர்சி துணி தேங்கிக் கிடந்தது. ஜெர்சி என்றால் வேறொன்றும் இல்லை, திருப்பூரில் பனியன் துணி என்று சொல்கிறோமே, அந்தப் பின்னல் வகைதான். அன்றைக்கு அது ஆண்களின் உள்ளாடைக்கான துணி. உயர்குலப் பெண்கள் அதை உடுத்துவதை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. ஷனேல் அதை வாங்கி, இடுப்பை இறுக்காத மேல்சட்டையும் கணுக்கால் தெரியும் பாவாடையுமாகத் தைத்தார். பனியன் துணியில் நுணுக்கமான மடிப்பும் அலங்காரமும் நிற்காது, எளிமையாகத்தான் தைக்க முடியும். அவருடைய ஸ்டைல் என்று இன்று புகழப்படுவதில் பாதி, அந்தத் துணி போட்ட நிபந்தனை.

1915-ல் ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் பியாரிட்ஸ் நகரில் பெரிய உடையகம் திறந்தார். எளிமையான உடைதான், விலை மட்டும் எளிமை இல்லை. கேப்பல் முதலீடாகக் கொடுத்த பணத்தைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1919 டிசம்பரில் கேப்பல் கார் விபத்தில் இறந்துபோனார்.

கறுப்பு உடையும் ஃபோர்டு காரும்

1926 அக்டோபரில் அமெரிக்க ‘வோக்’ இதழ் ஷனேலின் ஒரு கறுப்பு உடையின் ஓவியத்தை வெளியிட்டது. நீளக் கை, அலங்காரம் ஏதும் இல்லாத நேர் வெட்டு. இது உடைகளில் ஃபோர்டு கார் என்று அந்த இதழ் ஒப்பிட்டது. பல வருடம் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்து, ஊரில் எல்லோர் கைக்கும் எட்டிய கார் அது.

அதுவரை கறுப்பு யாருடைய நிறம்? துக்க வீட்டுப் பெண்கள், வேலைக்காரப் பெண்கள், கடையில் நிற்கும் பெண்கள். போரில் கணவனை இழந்த லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே அதைத்தான் உடுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கள் வேலைக்காரப் பெண்ணின் நிறத்தைப் பணக்காரப் பெண்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். பகலில் போட்டதையே ஒரு முத்து மாலையை மாட்டி ராத்திரி விருந்துக்கும் போடலாம், கறை தெரியாது, அடுத்த வருடம் பழசாகவும் தெரியாது. இன்றும் கறுப்பு டிரெஸ் விற்கும் காரணங்கள் இவைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காப்பியடிக்கச் சுலபம். சக டிசைனர்கள் நகல்களை எதிர்த்து வழக்குப் போட்டுக்கொண்டிருக்க, ஷனேல் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தெருவில் நகல் ஓடினால் அசலுக்கு மவுசு கூடும் என்ற கணக்கு. அவருக்குப் பெரிய பணம் உடையிலிருந்து வரவும் இல்லை. 1921-ல் வந்த ‘நம்பர் 5’ சென்ட்தான் தங்கச் சுரங்கம். அதிலும் 1924-ல் வெர்தைமர் சகோதரர்களுடன் போட்ட ஒப்பந்தத்தில் அவர் பங்கு வெறும் 10 சதவீதம். அந்தக் கோபம் கடைசிவரை ஆறவில்லை.

மறைக்க முடியாத பக்கம்

1936-ல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். கம்போன் தெருவில் தையல் பெண்கள் முதலாளியையே உள்ளே விடவில்லை. பிடிவாதம் பிடித்துப் பார்த்துவிட்டு ஷனேல் இறங்கிவந்தார். 1939-ல் போர் அறிவிக்கப்பட்டதும் உடையகத்தை மூடினார். தையல் பெண்கள் வேலையிழந்தார்கள். பழிவாங்கல் என்று அப்போதே பேச்சு எழுந்தது.

அடுத்தது அதைவிட மோசம். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், ரிட்ஸ் ஹோட்டலில் ஜெர்மன் அதிகாரி ஒருவருடன் வாழ்ந்தார். வெர்தைமர்கள் யூதர்கள் என்பதால், யூதர் சொத்தைப் பறிக்கும் நாஜிச் சட்டத்தை வைத்து சென்ட் கம்பெனியைத் தன் பெயருக்கு மாற்ற முயன்றார். யூதரல்லாத நண்பர் ஒருவரிடம் அவர்கள் முன்கூட்டியே கம்பெனியை ஒப்படைத்திருந்ததால் அது பலிக்கவில்லை. ஜெர்மன் உளவுத்துறையின் ஏஜென்டாக ‘வெஸ்ட்மின்ஸ்டர்’ என்ற ரகசியப் பெயரில் அவர் பதிவாகியிருந்ததற்கும் ஆவணம் இருக்கிறது. 1944-ல் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். பெண்களுக்கு விடுதலை தந்த டிசைனர் என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும் பதிவுகள் இந்த ஐந்து வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

70 வயதில் இரண்டாவது இன்னிங்ஸ்

1947-ல் கிறிஸ்டியன் டியோர் புது ஃபேஷன் கொண்டுவந்தார். மறுபடியும் இறுக்கிய இடுப்பு, மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் பாவாடை. உலகமே அதன் பின்னால் ஓடியது. ஷனேலின் பாணி பழைய காலம் ஆகிவிட்டது.

1954 பிப்ரவரி 5 அன்று, 70 வயதில், மறுபடி கடை திறந்தார். பணம் போட்டது, யாரிடமிருந்து கம்பெனியைப் பறிக்கப் பார்த்தாரோ அதே பியர் வெர்தைமர்! பாரிஸ் பத்திரிகைகள் பழசு என்று ஒதுக்கின. அமெரிக்கப் பெண்கள் வாங்கித் தீர்த்தார்கள். ஆபீஸ் போகும் பெண்ணுக்கு அந்தக் கோட்-பாவாடை செட் அவ்வளவு பொருத்தம். கையைத் தூக்கினால் கோட் முழுக்க மேலே ஏறாதபடி கை தோளோடு சேரும் இடத்தை வெட்டியிருந்தார். நேராக விழுவதற்காகக் கோட்டின் கீழ் ஓரத்தில், உள்பக்கம், மெல்லிய சங்கிலி தைத்திருந்தார். பாக்கெட்டுகள் நிஜமாகவே கை நுழைகிற பாக்கெட்டுகள். போன் நுழையாத பாக்கெட்டோடு இன்று வரும் லேடீஸ் ஜீன்ஸைத் தைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1955 பிப்ரவரியில் சங்கிலி வைத்த தோள் பை வந்தது. மாதமும் வருடமும் சேர்ந்து அதன் பெயர் 2.55. கையில் பையைப் பிடித்தே பழகிய நாகரிகப் பெண்களுக்கு இரண்டு கையும் காலியானது.

கடைசிவரை கத்தரிக்கோலைக் கழுத்தில் தொங்கவிட்டு, மாடல் உடம்பிலேயே தையலைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கவைத்தார். 1971 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, ரிட்ஸ் ஹோட்டல் அறையில் 87 வயதில் இறந்தார். அப்போது கையில் இருந்த வசந்தகால உடைகள் அந்த மாதக் கடைசியில், அவர் இல்லாமலே, கம்போன் தெருவில் மேடையேறின.