இனாயத் கான்: துக்கத்துக்கு இசையில் மருந்து தேடியவர்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் சூரமங்கலத்து இளைஞர் ஒருவர் வந்தார். கணவர் வஃபாத்தானதிலிருந்து தன் தாயார் பேச்சையே நிறுத்திவிட்டார், மருத்துவர் இசைச் சிகிச்சை சொல்கிறார், கூடுமா ஹஜ்ரத் என்று கேட்டார். இசைக் கருவிகள் விஷயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனியே எழுத வேண்டியது. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவர் இனாயத் கான்.

1882 ஜூலை 5 அன்று பரோடாவில் பிறந்தார். பாட்டனார் மௌலா பக்ஷ் இந்துஸ்தானியோடு நம் பக்கத்துக் கர்நாடக இசையும் கற்ற வித்வான். மன்னர் ஆதரவில் இசைப்பள்ளி நடத்தியவர். அந்த வீட்டில்தான் பேரன் வீணை பயின்றார். பிறகு ஹைதராபாத் நிஜாமின் அவையில் பெயர் பெற்றார். அங்கே சிஷ்தி ஷைகு அபூஹாஷிம் மதனியிடம் பைஅத் செய்தார்.

1910 செப்டம்பர் 13 அன்று மேற்கு நாடுகளுக்குக் கப்பலேறினார். முதல் உலகப் போர்க் காலம் முழுவதும் லண்டனில்தான் இருந்தார். நாடியும் மூச்சும் தாளம் பிசகாமல் இருப்பதே ஆரோக்கியம், அது குலைவதே நோய் என்பது அவர் கருத்து. இன்றைய சிகிச்சையாளரும் நோயாளியின் மூச்சு வேகத்துக்கு ஈடாக வாசிக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்கிறார். அமெரிக்காவில் இது பல்கலைக்கழகப் படிப்பானது 1944-இல்தான். அதற்கு வெகு முன்பே சொன்னவர், போதனைப் பணிக்காகத் தம் வீணையையே கீழே வைத்துவிட்டார். எல்லா மதங்களுக்கும் பொதுவாக அவர் அமைத்த வழிபாட்டை மட்டும் என்னால் ஏற்க இயலாது.

1926-இல் தாயகம் திரும்பியவர், 1927 பிப்ரவரி 5 அன்று டெல்லியில் 44 வயதில் மறைந்தார். நிஜாமுத்தீன் அவுலியா தர்காவுக்கு அருகில் அடக்கமானார்.

பாரிஸ் அருகே இருந்த குடும்பம் இடிந்துபோனது. மனைவி அமீனா பேகம் துக்கத்தில் முடங்கிவிட்டார். ஊருக்கெல்லாம் மருந்து சொன்னவர் வீட்டில், மூன்று தம்பி தங்கைகளையும் தாயையும் கவனித்தது 13 வயது மகள் நூர். அவர் குழந்தை உளவியலும் ஹார்ப் இசையும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய வானொலிப் பணியாளராகப் பாரிஸ் சென்று பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

இதைக் கேட்ட இளைஞர் விசாரித்தது அமீனா பேகத்தைப் பற்றித்தான். தாயாருக்குப் பழக்கமான ஸலவாத் பைத்துகளைக் கருவியில்லாமல் குரலால் மட்டும் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.