ஷெப்பீல்டு கத்திக்கு வலுவூட்டிய சேலம் அதிகாரி!

சங்கரன்கோவில் கடைவீதியில் ஒரு கத்தி வாங்குகிறோம். தொழிற்சாலையில் செய்த கத்தி. கூர் இருக்கிறதா, வளையுமா, முறியுமா என்று பார்க்கிறோம். அந்த எஃகில் சிறிதளவு மாங்கனீஸ் என்ற உலோகம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தவர் யார்? ஒரு காலத்தில் நமது சேலத்தில் உத்தியோகம் பார்த்தவர்! அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

ஹீத் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். சேலத்தில் வியாபார அதிகாரியாக இருந்தபோது, அங்குள்ள கொல்லர்கள் எஃகு செய்வதைக் கூர்ந்து கவனித்தார்.

இரும்பைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். மூசை என்ற சிறு மண் பாத்திரத்தில் போடுவார்கள். காய்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்ப்பார்கள். எருக்கிலையால் மூடுவார்கள். வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். உள்ளே இரும்பு உருகி எஃகாகிவிடும்!

ஹீத் வியந்தார். இங்கிலாந்தில் புதுமை என்று உரிமை பெற்ற முறைகள், இந்தக் கொல்லர்களின் கைவேலையில் முன்பே அடங்கியிருப்பதாக 1839-ம் ஆண்டு வெளியான கட்டுரையில் எழுதினார்.

பரங்கிப்பேட்டை ஆலை

உத்தியோகத்தை விட்ட ஹீத், 1830-ம் ஆண்டு கடலோரப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். கம்பெனி கடன் கொடுத்தது. சேலம் பகுதி இரும்புக் கல் வந்தது. கரிக்காகக் காட்டு மரங்கள் எரிந்தன. இரும்பு நல்ல இரும்புதான். ஆனால் லாபம் வரவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பினார்.

மாங்கனீஸ் செய்த மாயம்

அங்கே ஷெப்பீல்டு நகரம் கத்திக்குப் பெயர் போனது. ஆனால் நல்ல எஃகு செய்ய, சுவீடன் நாட்டு இரும்பை அதிக விலைக்கு வாங்க வேண்டும். மலிவான உள்நாட்டு இரும்பில் கந்தகம் முதலிய அழுக்குகள் இருந்தன. கந்தகம் இருந்தால், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது எஃகு வெடித்துவிடும்.

மாங்கனீஸ் அந்தக் கந்தகத்தைப் பிடித்துக் கட்டிவிடும். எஃகு வெடிக்காது. மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு எஃகில் கலக்கும் முறைக்கு 1839-ம் ஆண்டு ஹீத் பேட்டண்ட் உரிமை பெற்றார்.

கத்தித் தொழிலுக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது. பிடிக்குள் செருகும் காம்பு இரும்பு. வெட்டும் அலகு எஃகு. உருக்கி வார்த்த எஃகை இரும்போடு அடித்து ஒட்டுவது முன்பு பெரும்பாடு. இப்போது நன்றாக ஒட்டியது. எஃகின் விலையும் இறங்கியது.

கோர்ட்டில் கழிந்த காலம்

செலவைக் குறைக்க ஒரு வழி இருந்தது. கலவையைத் தனியே செய்ய வேண்டாம். மாங்கனீஸ் தாதுவையும் தாரையும் நேரே மூசையில் போட்டால் போதும். உள்ளேயே கலவை உண்டாகிவிடும். இதை ஹீத்தின் ஷெப்பீல்டு ஏஜண்டு அன்வின் அறிந்திருந்தார். அப்படியே செய்தார். பேட்டண்ட் பத்திரத்தில் இந்த வழி எழுதப்படவில்லை என்று சொல்லி, பணம் தர மறுத்தார்.

ஹீத் வழக்குத் தொடுத்தார். ஒரு கோர்ட்டில் தோல்வி. இன்னொன்றில் மீண்டும் வாதம். ஆண்டுகள் ஓடின. 1851-ம் ஆண்டு, முடிவைக் காணாமலே ஹீத் கண்ணை மூடினார். 1855-ம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதுவும் அன்வினுக்கே சாதகம்!

சேலத்துக் கொல்லர்களிடம் பத்திரம் இல்லை. அவர்கள் பெயர்கூட எழுதப்படவில்லை. ஹீத்திடம் பத்திரம் இருந்தது. அதில் ஒரு வரி குறைந்தது. ஷெப்பீல்டு உலைகளில் மாங்கனீஸ் மட்டும் தொடர்ந்து உருகியது.